புயலிலும் விடாமல் படித்த என் மூணாம் வகுப்பு

நாகப்பட்டினத்துல ஒரு மீட்டிங்; அதுக்குப் போற பஸ்ல இருந்து எழுதுறேன். ஃப்ரெண்ட்ஸ் மட்டும் பார்க்கிற மாதிரிதான் போட்டிருக்கேன்.

போன மாசப் புயலுக்கு எங்க ஸ்கூல்தான் நிவாரண முகாம். என் மூணாம் வகுப்புல நாலு குடும்பம் படுத்திருந்துச்சு.

அப்பப் பார்த்து டேப்லெட் கொடுத்த திட்டத்துக்காரங்க கிட்ட இருந்து மெசேஜ்: "சோதனைக்குக் கொடுத்த படிப்பு ஆப்பை தினமும் ஓட்டலேன்னா டேப்லெட்டைத் திருப்பி எடுத்துக்குவோம்."

பிள்ளைங்களுக்கு அது வேணுமே! முகாம் ஜெனரேட்டர்ல சார்ஜ் போட்டு, மொட்டை மாடியில சிக்னல் பிடிச்சு, இருபத்திரண்டு பேர் பாடத்தையும் நானே முடிச்சேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு நடுநடுவே தப்பாவும் போட்டேன்.

இப்ப அந்தத் திட்ட அதிகாரி போன் பண்றார்.

"டீச்சர், அசத்திட்டீங்க! பிள்ளைங்க தப்பு பண்ணித் திருத்திக்கிறது அவ்வளவு தெளிவாத் தெரியுது. உங்க ஸ்கூலைக் காட்டித்தான் இந்த ஆப்பை டெல்டா முழுக்கக் கொண்டு போகப்போறோம்."

"சார், அது வந்து..."

"அடக்கமெல்லாம் வேணாம். இன்னிக்கு மீட்டிங்ல எப்படிச் செஞ்சீங்கன்னு நீங்கதான் பேசணும்."

உண்மையைச் சொன்னா டேப்லெட் போயிடும், என் வேலையும் போகலாம். பஸ்ஸும் இன்னிக்குன்னு பார்த்து சீக்கிரமாப் போகுது.

டெல்டா டீச்சர்களே, அடுத்த புயலுக்குள்ள உங்க ஸ்கூல் மொட்டை மாடியில எந்த மூலையில சிக்னல் வருதுன்னு பார்த்து வச்சுக்கோங்க.