உபதேசியார் ஜெபித்த விதை

எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அந்தச் சின்ன ஊருக்கு சாமுவேல்ராஜ் கிறிஸ்தவ சபையின் உபதேசியாராக வந்தபோது அவர் மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கோவில்பட்டியில் காலேஜுக்குப் போகிறாள். அந்த ஊரில் சாவு வீடோ, கல்யாண வீடோ, மாட்டுக்குச் சீக்கோ, எதுவென்றாலும் அவர் வந்து கண்ணை மூடி ஜெபித்தால்தான் ஜனங்களுக்கு ஆறுதல்.

வீட்டில் அவர் கண்ணை மூடுவதில்லை என்பது அவர் மனைவி சபிதாவுக்கு மட்டும் தெரியும். சாப்பாட்டு ஜெபத்துக்கு எல்லாரும் தலை குனிந்திருக்கும்போது அவர் ரசச் சட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் வேதப்புத்தகத்தை விரித்து வைப்பார், பக்கம் திரும்பாது. ஒரு நாள் வேட்டியை மடித்துக்கொண்டே, "இதெல்லாம் யாரும் கேக்காங்களான்னே தெரியலை" என்றார். அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். குடியிருப்பது சபை கொடுத்த வீடு. அவருக்கு வேறு வேலையும் தெரியாது. வெளியே தெரிந்தால் எங்கே போவது? தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கும்போதெல்லாம் அவளுக்கு இதே யோசனைதான்.

கரிசல் காட்டில் மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை விழுந்துவிட்டால் சேற்றில் கால் வைக்க முடியாது. அதனால் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் விதையை வேதக்கோயிலுக்குக் கொண்டுவந்து ஆல்டர் மேடை முன்னால் வைப்பார்கள். உபதேசியார் ஜெபித்த பிறகுதான் விதை காட்டுக்குப் போகும். இந்த வருஷமும் ஜெபித்தார். அரைகுறையாக ஒரு மழை பெய்து, உளுந்து முளைத்து ரெண்டு இலை விட்டது. பிறகு அடித்த வெயிலில் எல்லாம் கருகிப்போனது.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"கொஞ்சம் உக்காருங்களேன். எனக்குத் தலை சுத்துது."

"நீ பாக்காத."

அப்போதுதான் ராஜமணி வந்தாள். புருஷன் இல்லாதவள். மகனுக்குக் காட்டில் நாட்டமில்லை, இவள்தான் பாடுபடுகிறாள். விதைத்தது போக மீதி உளுந்து கையிலிருந்த நார்ப்பெட்டியில் இருந்தது.

"இதுதான் மிச்சம், ஐயா. தனியா ஒரு ஜெபம் பண்ணித் தாங்க. நீங்க சொல்லுத அன்னைக்கு விதைச்சிருதேன்."

"முந்தியும் நாந்தானம்மா ஜெபம் பண்ணேன்."

"உங்க ஜெபத்துல என்ன குத்தம்? குத்தம் என் மேல. அன்னைக்கு மருமவளை வாயில வந்தபடி ஏசிட்டுல்லா கோயிலுக்கு வந்தேன். அதான் கருகிட்டு."

"அப்ப மத்தவங்க காடு?"

"அவிய அவிய என்ன செஞ்சாவளோ. பக்கத்துக் காட்டுக்காரன் குடிக்கான்லா."

டீயோடு நின்ற சபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"உங்க மேல குத்தமே இல்லம்மா."

"பின்ன யாரு மேல?"

அவர் பெட்டியைப் பார்த்தார். "நான் ஜெபிச்சா மழை வரும்னு எனக்கே நம்பிக்கை இல்ல. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே."

சபிதா டீயைத் தரையில் வைத்தாள். வீடு போயிற்று என்று நினைத்தாள். ராஜமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எம்புட்டுத் தாழ்மை பாத்தியா, சபிதா. இந்தக் காலத்துல எந்த ஊழியக்காரன் இப்படிச் சொல்லுவான்?"

பொழுது சாய்வதற்குள் அவருடைய தாழ்மை ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மறுவிதைப்புக்கு ஜெபிக்கப் பக்கத்து ஊரிலிருந்தும் பெட்டிகள் வந்தன. வைக்க இடம் போதவில்லை. சாமுவேல்ராஜ் அவற்றின் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடவில்லை.

"ஆளுக்குப் பாதியைத் திருப்பி எடுத்துக்கோங்க. அதை வீட்டுலயே வச்சிருங்க. மீதிக்குத்தான் ஜெபம்."

ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சொன்னது அவராயிற்றே. முந்தானையிலும் துண்டிலும் அள்ளினார்கள். மழை ஏமாற்றினாலும் பாதி விதையாவது பிழைத்தது என்று சபிதா மூச்சு விட்டாள். ராஜமணி மட்டும் மடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"இந்தப் பாதிக்கு என்னைக்குய்யா ஜெபம்?"

அவர் பெண்கள் பக்கம் பார்த்தார்.

கோயிலில் பாட்டுக்குக்கூடச் சத்தமாக வாய் திறக்காத சபிதா எழுந்தாள். "அதுக்கு ஜெபம் வேண்டாம், சித்தி. வண்டு விழாம நல்லா மூடி வைங்க. அது போதும்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். உட்காரவில்லை.