ஒட்டிய தாளில் ஒரு கொலைகாரன்

தொண்ணூறுகளில் எழுதிய என் டைரிகளில் சனிக்கிழமைப் பக்கங்கள் மட்டும் சிவப்பு மையில் இருக்கும். அந்த வாரம் படித்த நாவல்களுக்கு என்று ஒதுக்கிய பக்கங்கள் அவை. கொலை நாவல் என்றால் கொலையாளியை எந்த அத்தியாயத்தில் கண்டுபிடித்தேன் என்று எழுதுவேன். நகைச்சுவை நாவல் என்றால் எந்தப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தேன் என்று எழுதுவேன். சிரிக்கவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதிக் கோடு போடுவேன்.

அப்போது மாதம் பிறந்தால் பஸ் ஸ்டாண்டு கடைகளில் புது மாத நாவல்கள் கிளிப்பில் தொங்கும். சாணித்தாள், வழவழ அட்டை, அட்டையில் ஒரு பெண்ணும் ஒரு கத்தியும். ஒரு அத்தியாயம் மலைமேல் நடந்தால் அடுத்தது சென்னையில் நடக்கும். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் இரண்டும் வந்து மோதிக்கொள்ளும். அவற்றில் ரத்தம் எப்போதும் 'குபுக்'கென்றுதான் வரும். நகைச்சுவை நாவல்களிலும் அடி உண்டு. மனைவி பூரிக்கட்டையால் போடுவாள். கணவன் தலையில் எலுமிச்சம்பழம் போல வீங்கும். அடுத்த வரியில் காப்பி கேட்பான். யாருக்கும் வலிக்காது. நாற்பத்தெட்டு வயதுவரை அடி என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு வகைப் புத்தகங்களில் படித்ததுதான்.

நான் புத்தகம் எடுத்தது மயிலாப்பூரில் ஒரு சந்தில் இருந்த வாடகை நூலகத்தில். ஒரே ஷட்டர், சுவரோரம் இரும்பு ரேக்குகள், வாசலில் மேஜை. நூலகக்காரர் ஒல்லியான மனிதர். ரேக்கில் கரப்பான்பூச்சி ஓடினால் அடிக்க மாட்டார். அட்டையால் தள்ளித் தள்ளித் தெருவில் கொண்டுபோய் விடுவார்.

மாத நாவல்கள் நடுவில் பின் அடித்தவை. நாலு கை மாறினால் முதல் தாள் கழன்றுவிடும். அது போனால் அதோடு சேர்ந்த கடைசித் தாளும் போய்விடும். கொலைகாரன் யார் என்பதும் அதோடு போய்விடும். அப்படி வரும் புத்தகங்களுக்கு நூலகக்காரர் ஒரு வெள்ளைத்தாளில் தன் முத்து முத்தான கையெழுத்தில் முடிவை எழுதிக் கோந்து தடவி ஒட்டிவிடுவார். வேறொரு பிரதியைப் பார்த்துத்தான் எழுதுகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒட்டிய தாள்களில் மட்டும் கொலைகாரர்கள் படுமோசமாகச் செத்தார்கள். ஒருவன் கிணற்றில், ஒருவன் தார்க் கொப்பரையில். அதை நான் டைரியில் குறித்தும் இருந்தேன். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை கடையில் நால்வர் இருந்தோம். நூலகக்காரர், நான், தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஒரு வாலிபர், பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஒருவர். ஆட்டோக்காரர் சவாரி இல்லாத நேரமெல்லாம் ஹேண்டில்பார் மேல் நாவலை விரித்து வைத்துப் படிப்பவர். இன்ஸ்டிட்யூட்காரர் மாத நாவல்களை முதல் தேதியே புதிதாக வாங்கிவிடுவார். பழைய பைண்டிங் தொடர்கதைகளுக்காக மட்டும் இங்கே வருவார்.

ஆட்டோக்காரர் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏற்காடு பங்களா கதை படிச்சியா சார்? அந்தக் கம்பவுண்டரைத் தூக்கி ரயிலாண்ட போட்டான் பாரு இன்ஸ்பெக்டரு! தலை தனியா, முண்டம் தனியா. சோக்கா கீது."

இன்ஸ்டிட்யூட்காரர் ரேக்கிலிருந்து திரும்பினார். "கம்பவுண்டரா? யாருய்யா சொன்னா? கொலை பண்ணினது டாக்டரோட தம்பி. ரயிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. விலங்கை மாட்டிண்டு பேசாம ஜீப்ல ஏறிடறான்."

"இன்னா மாமா, வேற கதைய படிச்சுட்டு வந்து இங்க பேசிக்கினு கீற?"

"புஸ்தகம் ஆத்துல இருக்கு. கொண்டுவந்து காட்டட்டுமா?"

"நான் இந்த ரெண்டு கண்ணால படிச்சேன்யா!"

"எழுத்துக் கூட்டிப் படிக்கறவனுக்கெல்லாம் எதுக்குய்யா துப்பறியும் கதை? போ, போய் மீட்டருக்கு மேல கேட்டுண்டு நில்லு."

நான் நூலகக்காரரைப் பார்த்தேன். ஒரே சீட்டில் தேதி முத்திரையைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்.

"உன் டைப்பு க்ளாஸு கதை தெரியாதா?" என்றார் ஆட்டோக்காரர். "பொண்ணுங்க அடிக்கிற சத்தத்துல நீ தூங்கிடுவியாமே! மிஷின் நின்னாதான் முழிப்பியாம்!" சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, சுருட்டி வைத்திருந்த ஒரு நாவலால் அவருடைய வழுக்கைத் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

நகைச்சுவை நாவலாக இருந்தால் அத்தியாயம் அந்த இடத்தில் முடிந்திருக்கும். நானும் சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன்.

ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி கதவோரம் சாத்தியிருந்தது. இன்ஸ்டிட்யூட்காரர் அதை எடுத்ததை நான் பார்க்கவில்லை, வீசியதைத்தான் பார்த்தேன். கொக்கி ஆட்டோக்காரரின் இடது புருவத்தில் விழுந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் போட்டதுபோல் ஒன்று, அவ்வளவுதான். ரத்தம் குபுக்கென்று வரவில்லை. ஒரு கணம் புருவம் வெள்ளையாகப் பிளந்து நின்றது. பிறகு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அவர் இன்ஸ்டிட்யூட்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இரும்பு ரேக்கில் மோதினார். மீண்டும் மோதினார். பல் ஒன்று தரையில் தெறித்ததை நான் கண்ணால் கண்டேன். ரேக் சாய்ந்து இருவர் மேலும் விழுந்தது. புத்தகங்கள் சரிந்த குவியலுக்குள் இருவரும் புரண்டார்கள். ஒருவர் மற்றவரின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். வேட்டி அவிழ்ந்து கிடந்தது. சந்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் அதற்குச் சிரித்தார்.

சத்தம் கேட்டு ஸ்டாண்டிலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். நண்பரின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. தரையில் கிடந்த இன்ஸ்டிட்யூட்காரரை மிதிக்க ஆரம்பித்தார்கள். விலாவில், முதுகில், கையில். நான் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உதறியதில் மேஜை விளிம்பில் போய் விழுந்தேன்.

அப்போது நூலகக்காரர், கரப்பான்பூச்சியை அடிக்காத அந்த மனிதர், இன்ஸ்டிட்யூட்காரர் மேல் குப்புற விழுந்து அவரை மூடிக்கொண்டார். உதைகள் அவர் முதுகில் விழுந்தன. ஒவ்வொரு உதைக்கும் நடுவே கத்தினார்.

"என் தப்புப்பா! ரயில்ல போட்டது நான்தான்! கம்பவுண்டரைக் கொன்னது நான்தான்! அந்தக் கடைசிப் பக்கம் நானே கட்டி எழுதினது!"

உதைத்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொலை, ரயில் என்ற வார்த்தைகளைக் கேட்டு ஒருவர் மிரண்டு பின்வாங்கினார். கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த ஆட்டோக்காரருக்கு மட்டும் புரிந்தது.

"இன்னாது?" என்றார். பிறகு, "போதும், வுடுங்கடா" என்றார்.

அவருடைய ஆட்டோவிலேயே அவரை ஏற்றினோம். நண்பர் ஒருவர் ஓட்ட, நான் என் துண்டை அவர் புருவத்தில் அழுத்திக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துண்டைப் பிழிய வேண்டியிருந்தது. கருவிழி தப்பிவிட்டது, ஆனால் கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, கட்டுப் போட்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும், பார்வை வருமா என்பது பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர்.

"ஒத்தைக் கண்ணுக்கு ஆட்டோ லைசென்ஸு குடுப்பானா சார்?" என்று ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார். போலீஸ் வந்தபோது வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். தன் நண்பர்கள் மிதித்ததும் வழக்காகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விலாவில் கட்டோடு கிடந்த இன்ஸ்டிட்யூட்காரரும் அதையே சொன்னார்.

ஆட்டோக்காரர் கண்ணில் கட்டோடு கிடந்த வாரங்களில் நான் கொலை நாவல் எதையும் தொடவில்லை. நகைச்சுவை நாவல் ஒன்றைப் பிரித்தேன், பூரிக்கட்டை வந்தது, மூடிவிட்டேன். டைரியில் 'இல்லை' என்று எழுதினேன்.

கட்டுப் பிரித்த மறுநாள் ஆட்டோக்காரர் கடைக்கு வந்தார். புருவத்தில் தையல் தழும்பு, கண் இன்னும் சிவப்பு. ரேக்கை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கறைபட்ட புத்தகங்களுக்குப் பிரவுன் அட்டை போட்டாகிவிட்டது. நூலகக்காரர் ஏற்காடு பங்களா கதையை எடுத்து நீட்டினார். ரயில் முடிவைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டியிருந்தார். இன்ஸ்டிட்யூட்காரர் தன் பிரதியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பார்த்து எழுதியது. இரண்டையும் நான் முன்பே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான் நூலகக்காரர் தானாகச் சேர்த்தது.

"படி" என்றார் நூலகக்காரர். "அந்தக் கண்ணால."

ஆட்டோக்காரர் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். தாளை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளினார். நூலகக்காரரின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

"டாக்... டரின் தம்பி... கைகளை நீட்... டினான். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். 'தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்டார். அவன் தலையசைத்தான். ஜீப் மெ... மெதுவாகக் கிளம்பியது."

கையை எடுத்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"இன்னா நைனா இது? ஒரு அடிகூட இல்லியா?"

"தெரிஞ்சுதா?" என்றார் நூலகக்காரர். "எழுத்தெல்லாம் தெரிஞ்சுதா?"

"அதெல்லாம் தெரியுது. கதைதான் சப்புனு கீது."