சந்தியில் இரண்டு ஹாரன்

எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிகிற சந்தியில், முனியாண்டி சாமி கோயில் இருக்கிறது. அதைத் தாண்டுகிறவர்கள் சாமியிடம் வழித்துணை கேட்டு இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். லோரி, வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான். என் மகள் ரவாங்கில் ஓர் அலுவலகத்துக்கு மோட்டாரில் போய் வருகிறாள். காலையில் அவள் கிளம்பியதும் வாசலில் நின்று காது கொடுப்பேன். இரண்டு ஹாரன் கேட்ட பிறகுதான் உள்ளே போய்த் தேத்தண்ணி குடிப்பேன்.

அவள் அப்பா இறந்துபோன நாளில் எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. மகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனவர், பெரிய ரோட்டில் லோரியில் அடிபட்டார். ஹாரன் அடிக்காமல் போய்விட்டார், அதனால்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் மகள் ஒரு நாவல் எழுதினாள். இங்கிலீஷில். நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். சமைக்கும்போது பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே கதையைத் தமிழில் சொல்வாள்.

வானத்திலிருந்து ஒரு சம்மனசு, மாதா கோயில் படத்தில் இருக்குமே அந்தத் தேவதூதன், எங்கள் கோலா சிலாங்கூரில் வந்து விழுகிறது. றெக்கை செம்பனை முள்ளில் மாட்டிக்கொள்கிறது. முனியாண்டி அரிவாளால் மட்டையை வெட்டி அதை இறக்கிவிடுகிறார். இரண்டு பேருக்கும் முதலில் சண்டை, பிறகு சிநேகம். ஆற்றோரச் சீனக் கோயிலிலிருந்து கடலம்மா ஒரு மீன்பிடிப் படகில் வந்து சேர்ந்துகொள்கிறாள். கடலிலிருந்து ஏறி வரும் பெரிய பாம்பை மூவரும் எதிர்க்கிறார்கள். எனக்குக் கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது, கடைசி அத்தியாயம் வரும் வரைக்கும்.

"அதுல முனியாண்டி செத்துருவாரும்மா," என்றாள்.

அடுப்பை அணைத்தேன்.

"என்னடி சொல்ற?"

"பாம்ப தடுத்து நின்னு செத்துருவாரு. அவரு அரிவாள சம்மனசு எடுத்துக்கிட்டு நம்ம சந்தியில காவலுக்கு நிக்கும். அதோட முடிஞ்சுது."

கோலாலம்பூரில் ஒரு பதிப்பகம் நாவலை எடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கடைசிப் பிரதியை அனுப்ப வேண்டும். அன்று திங்கள். தினமும் அந்த வழியே போகிற பிள்ளை, வழியில் இருக்கிற சாமியையே சாகடித்து எழுதியிருக்கிறாள்.

மறுநாள் வேலையிடத்தில், நாங்கள் மீன் கிரோப்போக் அப்பளம் பாக்கெட் கட்டும் மேசையில், எதிரே உட்காரும் அக்காவிடம் சொன்னேன். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். முழுக் கதையும் கேட்டார். முனியாண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சம்மனசுக்கு றெக்கை முறிஞ்சிருச்சா?" என்றார்.

"கொஞ்சம் கிழிஞ்சிருக்குதாம்."

"ஐயோ. பாதர் காதுல விழுந்தா என்ன ஆவுறது? அது ஏன்டி முள்ளுல போயி விழணும்? உன் மகள நல்ல எடமா பார்த்து எறக்கச் சொல்லு லா."

இரண்டு பேரும் அன்று பாக்கெட்டுகளைத் தப்புத் தப்பாக ஒட்டி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினோம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மகளைக் கெஞ்சினேன்.

"ஒரு வரிதானேடி. மாத்திரு."

"முடியாதும்மா."

"மயக்கம் போட்டு விழுந்தாருன்னு எழுது. அப்புறமா எழுந்துக்கட்டும்."

சிரித்துவிட்டாள். "சாமி மயக்கம் போட்டா யாரும்மா படிப்பா? சோடா வாங்கிக் குடுக்கணுமா அவருக்கு?"

"உனக்கு எல்லாம் வெளையாட்டு. உங்கப்பா அன்னைக்கு ஹாரன் அடிக்காம போனாரு. என்ன ஆச்சு?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் சிரிப்பு நின்றது. மடிக்கணினியை மூடி வைத்தாள்.

"யாரு சொன்னா அடிக்கலன்னு?"

"எனக்குக் கேக்கல."

"அன்னைக்கு மழைம்மா. தகரக் கூரையில உனக்கு என்ன கேட்டிருக்கும்? நான் அப்பா பின்னால ரெயின்கோட்டுக்குள்ள உக்காந்திருந்தேன். அடிச்சாரு. ரெண்டு தடவ. எப்பவும் போலதான்."

பதினைந்து வருஷமாக அந்த மனிதரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓர் அமுக்கு அமுக்கினால் போதுமே, அதற்குக்கூடவா நேரமில்லை என்று.

"அப்படின்னா சாமி ஏன்..." என்றேன்.

"அவரால முடியலம்மா," என்றாள். "முடிஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பாரு. தடுத்து நின்னு பார்த்தாரு, முடியல. நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். அதத்தான் எழுதியிருக்கேன்."

பிறகு நான் மாற்றச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், என் முன்னாலேயே நாவலை அனுப்பினாள். விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பினாள். மழை இல்லை. வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சந்திப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. இரண்டு முறை, தெளிவாக. அவளுடைய மோட்டார்தான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வழக்கமாக அதோடு உள்ளே போய்விடுவேன். அன்று போகவில்லை. தேத்தண்ணி ஆறிப் போயிற்று. வேலைக்கு வேன் வந்து நிற்கிற வரை அங்கேயே நின்றிருந்தேன்.

மேசையில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டார். "என்னாச்சு? சம்மனசு பொழச்சிச்சா?"

"பொழச்சிருச்சுக்கா. இனிமே அதுதான் எங்க சந்தியில நிக்குமாம்."

"அப்படியா!" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே யோசனையும் வந்தது. "அதுக்கு ஹாரன் அடிச்சா புரியுமா? அதுக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாதே."

"தெரியலக்கா," என்றேன்.

ஏப்ரன் பைக்குள்ளிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மணி எட்டேகால். சேர்ந்துவிட்டேன் என்று போடச் சொல்லியிருந்த மெசேஜ் அவளிடமிருந்து இன்னும் வரவில்லை.