அறுத்து அனுப்பிய கயிறு

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பஸ் எதிரிலேயே நிற்கும். வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் இறங்கி வரும் மலைக்காரப் பெண்கள் போகும்போது ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் தைத்த ரவிக்கை, கையைத் தூக்கினால் கிழியாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, அவர்களில் ஒருத்தி கடைக்குள் வந்து மடியிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுடைய அக்காவின் தாலி. அக்கா அடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி வேலை செய்தவள். அக்காவின் வீட்டுக்காரர் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார். முந்தின நாள் பண்ணை வீட்டு டிரைவர் மலைக்கே வந்து, "உங்கக்கா வேற ஒருத்தனோட போயிட்டா. இதை ஊர்ல குடுத்துரச் சொன்னா" என்று இவள் கையில் கயிற்றைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறான். அக்காவின் போன் அணைந்தே கிடக்கிறதாம்.

மலைச்சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவனோடு வாழப் பிடிக்காத பெண் விலகிக்கொள்ளலாம், வேறொருவனோடு வாழலாம். கீழே இருக்கும் நமக்கு அவர்களைப் பற்றி வேறு எது தெரியாவிட்டாலும் இது மட்டும் நன்றாகத் தெரியும். இதைச் சொல்லிச் சிரிக்காத டீக்கடை இந்த ரோட்டில் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தங்கச்சிக்காரி என்னிடம் சொன்னாள்: "போறதா இருந்தா எங்கக்கா ஊருக்கு வந்து, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரு முன்னால நின்னு, தன் கையால அவுத்து வெச்சுட்டுத்தானுங்க போவாங்க. அதுதான் முறை. அடுத்தவங்க கையில குடுத்து அனுப்ப மாட்டாங்க. போகாதேன்னு தடுக்க யாருமில்லாதப்ப எதுக்குங்க ஒளிஞ்சு போவணும்?"

கயிற்றைத் திருப்பிக் காட்டினாள். "முடிச்சு அப்படியே இருக்குது பாருங்க."

இருந்தது. முடிச்சுக்கு எதிர்ப்பக்கத்தில் கயிறு வெட்டப்பட்டிருந்தது. அனுப்பியவர்களுக்கு வழக்கத்தில் பாதிதான் தெரிந்திருக்கிறது. தாலி திரும்பி வந்தால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெண்கள் பாதுகாப்பு பற்றிப் பளபளவென்று ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதற்கு அடியில் உட்கார்ந்திருந்த ஏட்டு கயிற்றைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இவங்க சனத்துல இதெல்லாம் சகஜம்மா. புது மாப்பிள்ளையோட வந்து நிப்பா பாரு. நீ எதுக்குக் கடையை உட்டுட்டு இவ பின்னால அலையற?"

"உங்க ஊட்டுப் பொண்ணு தாலி இப்படி அறுபட்டு வந்தா, வருவா வருவான்னு உக்காந்திருப்பீங்களா சார்?"

"வாயை அளந்து பேசும்மா."

"அளந்துதான் பேசறனுங்க. என் தொழிலே அதுதான்."

அவர் எழுந்துவிட்டார். நானும் விடவில்லை. தங்கச்சிக்காரி மட்டும் சத்தம் போடாமல் கயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்த பிறகுதான் புகாரை எழுதிக்கொண்டார்கள். தாலியை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போடும்போது, "பத்திரமா வெச்சிருங்க சார், அக்கா வந்து கேப்பாங்க" என்றாள் தங்கச்சிக்காரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பண்ணை வீட்டுக்குப் போலீஸ் போனது, விசாரித்தது, திரும்பியது. அக்கா இன்றுவரை கிடைக்கவில்லை. தங்கச்சிக்காரி சந்தை நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி முதலில் ஸ்டேஷனுக்குப் போவாள். பிறகு என் கடைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். தேடுகிறோம் என்பதைத் தவிர அவர்கள் எதுவும் சொன்னதில்லை. ஒரு நாள் ரோட்டில் போன காரைக் காட்டி, "அந்த டிரைவருதானுங்க" என்றாள். அந்த முகத்தை மனதில் பதித்துக்கொண்டேன்.

போன வாரம் அதே கார் என் கடை முன்னால் வந்து நின்றது. அதே டிரைவர். சின்ன வயதுப் பெண் ஒருத்தியை இறக்கிவிட்டு, "ஊட்டு வேலைக்குப் புதுசுங்க. ரவிக்கைக்கு அளவெடுத்துக்கங்க, டீ குடிச்சுட்டு வாரேன்" என்றான். மலைப் பெண். கழுத்துக்கு நாடாவைச் சுற்றினேன். விரலில் மஞ்சள் கயிறு பட்டது. மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. நாடாவைக் கீழே போட்டுவிட்டு, முடிச்சு அவிழாமல் வந்த அந்தத் தாலியைப் பற்றி ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன்.

வெளியே கார் ஆரன் அடித்தது.

"அந்தக்காவத் தேடறாங்களாக்கா?"

"தேடறோம்னுதான் சொல்றாங்க."

"என்னையத் தேடுவாங்களா?"

நான் தேடுவேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இவளையும் தேடவேண்டிய நிலைக்கு விட்டுவிட்டால் நானெல்லாம் என்ன மனுஷி? எழுந்து போய் ஷட்டரை உள்ளிருந்தே கீழே இறக்கினேன். ஆரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கொண்டுவந்த துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மேல போற பஸ்ஸு வந்தா சொல்லுங்கக்கா" என்றாள்.