பெரிய பட்டியல், சின்ன வரிசை

பிள்ளைகளே, வாக்கு எண்ணிக்கை அன்று ராத்திரி நீங்கள் இருவரும் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். காலையில் மாநிலம் முழுக்க முன்னால் இருந்த கட்சி பொழுது சாய்வதற்குள் எப்படிப் பின்னால் போனது அப்பா என்று. டிவியில் கலர் கலராக வரைபடம் போட்டு, நகரம் ஒரு பக்கம் சாய்ந்தது, கிராமம் மறுபக்கம் சாய்ந்தது என்றார்கள். பத்தாவதோடு நின்றவன் நான், அந்த வரைபடமெல்லாம் எனக்குப் பிடிபடாது. ஓட்டுப்பதிவு அன்று சாவடிக்குள் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். அதில் கொஞ்சம் பதில் இருக்கலாம்.

கட்சிக்காக உள்ளே உட்காருகிறவரை ஏஜென்ட் என்பார்கள். வருகிறவர் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று பார்த்து, பெயரைக் கோடு போட்டு அடிப்பதுதான் வேலை. எழுமலைப் பக்கம் நம் ஊரில் இருந்தவரை அது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரை அடித்துவிடுவேன். அடுத்த கட்சி ஏஜென்ட் எனக்கு மச்சான் முறை. வரிசையைப் பார்த்து, "என்ன மாப்ள, ஒம் பொண்டாட்டி காலையிலேயே போட்டுட்டுப் போயிட்டா, நீ இப்பத்தேன் வாரியா? சொல்லிக்குடுத்த சின்னம் மறந்துபோச்சோ?" என்பார். அம்புட்டுப் பேரும் சிரிப்பார்கள். மதியத்துக்கு மேல் வராதவர் வீட்டு வாசலில் போய் யாராவது நிற்பார்கள். வராமல் தப்பிக்க முடியாது.

கப்பலூர் கம்பெனி வேலைக்காகவும் உங்கள் படிப்புக்காகவும் டவுனை ஒட்டிய திருநகருக்கு வந்தோம். ஓட்டையும் இங்கே மாற்றினோம். இந்தத் தேர்தலுக்கு ஏஜென்டாக உட்கார ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். கையில் கொடுத்த பட்டியல் நம் ஊர்ப் பட்டியலைவிடத் தடிமன். வரிசை மட்டும் வாசலைத் தாண்டவில்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், வீடு காலி செய்து போனவர்கள், வெயிலுக்குப் பயந்தவர்கள் என்று எல்லாரும் காகிதத்தில் இருந்தார்கள். உங்கள் இருவர் பெயரும் இருந்தன. லீவு கிடைக்காது என்று முன்னமே சொல்லிவிட்டீர்கள், நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மாவும் உங்களிடம் வந்துவிட்டாள். அன்று காலை வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததிலிருந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு தொப்பி போட்ட ஒருவர் மெதுவாக வந்தார். வாக்காளர் கார்டுப் படத்தில் சுருட்டை முடி, அடர்த்தியான மீசை. எதிரே நின்றவருக்கு மீசையும் இல்லை, புருவமும் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

எனக்குப் பக்கத்தில் அடுத்த கட்சி ஏஜென்டாக ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தான். சட்டென்று எழுந்து தலைமை அலுவலரிடம் சொன்னான். "மேடம், கார்டுல இருக்கிற ஆளு இவரு இல்ல."

"நாந்தேன் தம்பி. வைத்தியத்துல முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

"ஆதார் வச்சிருக்கீங்களா?" என்றான் அவன்.

"வச்சிருக்கேன். அதுலயும் இதே மீசைதேன் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஆள்மாறாட்டம் என்று சந்தேகப்பட்டால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். அவன் கட்டிவிட்டான். சாவடியின் தலைமை அலுவலர் எங்கிருந்தோ வந்த ஒரு டீச்சர். ஏஜென்டுகளைப் பார்த்து, "இவரை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரும் பட்டியலைக் குனிந்து பார்த்தார்கள். தொப்பி போட்டவர் என்னையே பார்த்தார்.

"பால் கடையில பாத்த மாதிரி இருக்கு மேடம்," என்றேன். "ஆனா பேரை இப்பத்தேன் கேக்குறேன்."

"பாத்த மாதிரின்னு நான் எழுத முடியாதுங்களே."

"பரவாயில்லண்ணே," என்றார் தொப்பி போட்டவர். "எனக்கும் ஒங்க பேரு தெரியாது. பச்சை கேட் போட்ட வீடுன்னு மட்டும் தெரியும்." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "போன தேர்தலுக்கு ஆஸ்பத்திரியில கெடந்தேம்மா. இந்தத் தடவ நடந்து வந்துட்டேன். என்னைய நான் இல்லேன்னு திருப்பி அனுப்பிராதீங்க."

டீச்சர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்தத் தம்பியிடம் கேட்டார். "இந்தப் பேருக்குரிய ஆளை ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"வீடாவது?"

"தெரியாது."

"அப்ப எதை வச்சு இவரு இல்லேங்கிறீங்க? அவரு போடட்டும்."

இன்னார்தான் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், இன்னார் இல்லை என்று சொல்லவும் ஆளில்லாததால் அவருக்கு ஓட்டு கிடைத்தது.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஜனம் டவுனில் பெருகிக் கிடக்கிறது. கட்சிக்காரர்கள் அந்தத் தலைகளை எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் உண்டு. இங்கே யார் வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. அதனால் இங்கே பட்டியல் பெரிதாகவும், அங்கே விழுகிற ஓட்டு பெரிதாகவும் ஆகிவிடுகிறது. டவுனை நம்பிய கட்சி, கிராமத்து ஓட்டை எண்ண எண்ணப் பின்னால் போய்விட்டது. மாநிலம் பூராவும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தொப்பி போட்டவர் மை வைத்த விரலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கூடப் போய்ப் படி இறக்கிவிட நினைத்தேன். எனக்கு மாற்று ஆள் இல்லை, உட்கார்ந்தே இருந்தேன்.

பக்கத்துத் தம்பி தன் பேனாவை மூடி வைத்தான். பிறகு தாழ்ந்த குரலில், "நானும் இந்தத் தெருதாண்ணே," என்றான். "நாளைக்கு நீங்க இப்படி வந்து நின்னாலும் எனக்கு அடையாளம் தெரியாது."

பட்டியலில் தொப்பி போட்டவர் பெயரைத் தேடிக் கோடு போட்டேன். அடுத்த ஆள் வர வெகு நேரமானது.