காலி வரை போய்வந்த காணி உறுதி

கல்முனைக்குடி கடற்கரைப் பக்கம் தையல் மெஷினை மிதித்தே ஒரு மகளை ஆளாக்கிய ஸுலைஹாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மீன்காரனின் தராசை நம்பமாட்டாள். துணிக்கடைக்காரன் அளந்த துணியை வீட்டுக்கு வந்து மறுபடி அளப்பாள். மருமகன் முர்ஷிதை எட்டு வருடமாக நம்பவேயில்லை.

அவளிடமும் நியாயம் இருந்தது. சுனாமி வந்த அன்று கணவனும் போனான், வீடும் போனது, அலுமாரியோடு காணி உறுதிப் பத்திரமும் போனது. தான் நிற்கிற மண் தன்னுடையதுதான் என்று காட்ட மூன்று வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தாள். புது உறுதி கைக்கு வந்த பிறகு, மழை கொஞ்சம் பலத்தாலும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவாள். மகள் ஆகிலாவுக்குக் கல்யாணம் பேசியபோது ஊர் வழக்கப்படி வீட்டை மகள் பெயருக்கு எழுதினாள். மாப்பிள்ளை அங்கே குடிவந்தான். கை கையெழுத்துப் போட்டதே தவிர, மனது இன்னும் போடவில்லை.

முர்ஷித் சந்தைப் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது அந்தக் குடும்பத்தில் மரியாதையில்லை. ஸுலைஹா வந்தால் அவன் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவான். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் ஆகிலாவிடம் சொல்லி அனுப்புவான். இந்த எட்டு வருடத்தில் இருவரும் நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் மரியாதை என்று சொன்னதை ஸுலைஹா கள்ளத்தனம் என்று எடுத்துக்கொண்டாள். மூடின வாய்க்குள் ஏதோ இருக்கிறது என்று மகளின் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள்.

இப்படியிருக்க, பஸ் பிடித்துப் பெண்களைத் தெற்குக் கடற்கரைக்கு மூன்று நாள் சுற்றுலா கூட்டிப்போகிறவர் இன்ஸாப். அவருடைய பஸ்ஸில் மாமிக்கு ஓர் இடம் பதிந்து வைத்தான் முர்ஷித். மாமி ஒருக்கா ஊர் பார்த்து வரட்டும் என்று ஆகிலாவிடம் சொல்லியும் அனுப்பினான். ஸுலைஹாவுக்குச் சுருக்கென்றது. இவன் என்னை ஏன் மூன்று நாள் வீட்டிலிருந்து கிளப்புகிறான்? அதே வாரம் குசினியிலிருந்து வரும்போது அவன் ஆகிலாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"வீட்டுறுதி அலுமாரிக்குள்ளதானே இரிக்கி?"

அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? புறப்படும் அன்று விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு அலுமாரியைத் திறந்து, உறுதியை எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் தள்ளினாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் புருஷனிடம் சொல்லிவிடுவாள்.

பஸ் பொத்துவில் தாண்டி, திஸ்ஸமகாராம தாண்டிப் போனது. கடைச் சாப்பாடு ஹலாலாக இருக்குமோ என்னவோ என்று கட்டிக்கொண்டு போன ரொட்டியையே தின்றாள். திக்வெல்லைப் பக்கம் பாறை வெடிப்புக்குள்ளால் கடல் பீறிட்டு மேலே அடிக்கிற இடத்தில் பெண்களெல்லாம் நனைந்து சிரித்தார்கள். ஸுலைஹா கைப்பைக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள். பக்கத்து இருக்கையில் வந்த றாஹிலா டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. பைக்குள் நகையா என்று கேட்டார். பதில் வராததால், அன்றிலிருந்து தன் பையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலிக் கோட்டை மதிலில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நிற்க, ஆகிலாவின் அழைப்பு வந்தது. பேத்தியை முதலாம் ஆண்டில் சேர்க்கும் விண்ணப்பத்துக்கு வீட்டுறுதியின் பிரதி கேட்கிறார்களாம். முர்ஷித் எடுத்துத் தரச் சொன்னானாம். அலுமாரியைத் திறந்தால் உறுதி இல்லையாம்.

"நீங்க சொன்னது சரிதான் உம்மா," என்று அழுதாள் ஆகிலா. "ஒங்கள பஸ்ஸில ஏத்திப்போட்டு, எடுத்ததையும் எடுத்துட்டு, ஒண்டும் தெரியாத ஆள்போல என்னட்டயே கேக்கிறார். மூஞ்சிக்கு நேரே கேட்டுட்டன். உடுப்ப எடுத்துட்டு அவர்ட உம்மாட வீட்ட போயிட்டார்."

மனைவி வீட்டில் வாழ்கிற ஆண் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போனால், சும்மா போனான் என்று ஊர் நினைக்காது. மகளின் வாழ்க்கை ஸுலைஹாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பையில்தான் இருக்கிறது என்ற சொல் நாக்கு வரை வந்தது. றாஹிலா டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வந்து கதைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். அந்தக் கோழைத்தனத்தை நினைத்து நினைத்து அதன் பிறகு ரொட்டியும் இறங்கவில்லை. திரும்பும் வழி முழுக்க ஆமைக்குஞ்சு, வெளிச்சவீடு என்று இன்ஸாப் காட்டியதெல்லாம் கண்ணில் பட்டதோடு சரி.

மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் பஸ் காரைதீவைக் கடந்தது. சாய்ந்தமருதில் தன்னை இறக்கிவிடச் சொன்னாள். முர்ஷிதின் தாய் வீட்டு வாசல் கடப்படியில் போய் நின்று ஸலாம் சொன்னாள். முர்ஷித்தான் வந்தான். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு, தாயைக் கூப்பிட உள்ளே திரும்பினான்.

"போகாதீங்க மகன். ஒங்களோடதான் கதைக்கணும்," என்றாள் ஸுலைஹா. "உறுதிய நான்தான் எடுத்துட்டுப் போன. ஒங்களத்தான் சந்தேகப்பட்டன்."

பொலித்தீன் பையைப் பிரித்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. எட்டு வருடத்தில் முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ட கையில தராதீங்க மாமி. மகள்ட கையில குடுங்க," என்றான். "நான் தொட்டா நாளைக்கும் ஒரு கதை வரும்."

உறுதியை மறுபடி பொலித்தீனில் சுற்றினாள். இவ்வளவு நிதானமாகக் கதைக்கத் தெரிந்த பிள்ளையையா கள்ளன் என்று நினைத்தேன் என்று நொந்துகொண்டாள். கடப்படியிலேயே உட்கார்ந்து, அவன் காதுபடவே உண்மையைச் சொல்ல, போனை எடுத்து ஆகிலாவுக்கு அழைத்தாள்.