கிளியம்மாள் வைக்காத மருந்து

கிறிஸ்டினாவிடம் பதினோரு பால் ஆடுகள் இருந்தன. படப்பை ஊரிலிருந்து உள்ளே தள்ளி, கணவன் டேனியலின் குடும்ப மனையில் தகரக் கொட்டகை போட்டு வளர்த்துவந்தாள். விடிகாலை நாலரைக்கு எழுந்து கறப்பாள். மிச்சத்தைக் குட்டிகளுக்கு விட்டுவிட்டு, ஆறரைக்கெல்லாம் பாட்டில்களை ஸ்கூட்டரில் அடுக்கிக்கொண்டு பெருங்களத்தூர் அடுக்குமாடி வீடுகளுக்குக் கிளம்பிவிடுவாள். ஆட்டுப்பால் வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் மாட்டுப்பால் சேராத குழந்தை இருக்கிற வீட்டில் அவளுக்காக வாசலிலேயே காத்திருந்து வாங்குவார்கள். டேனியல் ஒரகடத்துக் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். ஆடுகள் முழுக்க அவள் பொறுப்பு.

தொல்லைகளுக்குக் குறைவில்லை. மழை பிடித்தால் குளம்பு அழுகும். பண்டிகை நாளில் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நகராமல் வெயிலில் பால் திரிந்துபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு தழைதான். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். அகத்தியும் வேம்பும் தேடி அவள் தினமும் ரொம்ப தூரம் அலைந்தாள்.

பசுமையாக மிஞ்சியிருந்தது பக்கத்து நிலம் ஒன்றுதான். அதில் கிளியம்மாள் கீரை போட்டிருந்தாள். அறுபதை நெருங்கியவள், தனி ஆள். கிறிஸ்டினாவின் ஆடுகள் இரண்டு முறை புகுந்து அரைக்கீரைப் பாத்தியை மொட்டையடித்தன. இரண்டாம் முறை கிளியம்மாள் தெருவில் நின்று கத்தினாள். "இன்னொரு தபா உள்ள வந்துச்சு, மருந்து வெச்சிருவேன். பாத்துக்க!"

தெருவே கேட்டது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. கறக்கப் போன கிறிஸ்டினா கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு ஆடுகள் வயிறு புடைத்துச் செத்துக்கிடந்தன. இன்னும் மூன்று பல்லைக் கடித்துக்கொண்டு எழ முடியாமல் படுத்திருந்தன. கிறிஸ்டினா எதையும் யோசிக்கவில்லை. நேராகக் கிளியம்மாள் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"வெளிய வாடி! வாயில்லா ஜீவனுக்கு மருந்து வெச்சியே, நீ நல்லா இருப்பியா?"

அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அது. கிளியம்மாள் முறம் கையோடு வெளியே வந்தாள். "ஐயோ, நான் ஒண்ணும் பண்லம்மா. கோவத்துல சொன்னது அது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கூடியவர்களில் ஒருவரும் அவள் பக்கம் பேசவில்லை. கிறிஸ்டினா மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

போலீஸில் புகார் கொடுக்க அத்தாட்சி வேண்டும் என்று கால்நடை டாக்டரை அவள்தான் வரவழைத்தாள். டாக்டர் ஜெயஸ்ரீ படுத்திருந்த ஆடுகளுக்குச் சோடா உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்லிவிட்டு, செத்த ஆடு ஒன்றை அறுத்துப் பார்த்தார். பிறகு கிறிஸ்டினாவை அருகே கூப்பிட்டார்.

"இது என்னம்மா?"

வயிறு நிறையப் புளித்த சோறு.

முந்தின நாள் ஞாயிறு, முகூர்த்தம். கல்யாண மண்டபச் சமையல்காரர் மிஞ்சிய சோற்றை இரண்டு பக்கெட் நிறையக் கொடுத்திருந்தார். ஒரு நாள் தழைக்கு அலைய வேண்டாமே என்று சாயங்காலம் அவளே தொட்டியில் கொட்டினாள். ஆடுகள் முண்டியடித்துத் தின்பதை நின்று ரசிக்கவும் செய்தாள்.

"விஷம் எதுவும் இருக்கற மாதிரி தெரியல. இவ்ளோ சோறு தின்னா ஆட்டுக்கு வயிறு புளிச்சு உயிரே போயிடும். உங்களுக்குத் தெரியாதா?"

கிறிஸ்டினா திரும்பிப் பார்த்தாள். கொட்டகைக்கு வெளியே தெருக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"மேடம், இத வெளிய சொல்லிடாதீங்க" என்றாள் மெதுவாக.

டாக்டர் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். வெளியே நின்றவர்களிடம் கிறிஸ்டினா சொன்னது, "இன்னும் ஒண்ணும் தெரியலயாம்."

படுத்த மூன்றில் ஒன்று மதியம் செத்தது. மற்ற இரண்டும் தேறின. ஆறு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. டேனியலிடம்கூடச் சொல்லவில்லை. பால் வாங்கும் வீடுகளில் எல்லோரும் பாவப்பட்டார்கள். ஒரு வீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். குடித்தாள்.

ஆறாம் நாள் காலை கிளியம்மாள் வரப்போரம் கீரைக்கட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நார்கூட அவிழ்க்காத கட்டுகள், எல்லாம் வாடியிருந்தன. மருந்து வைக்கிறவள் கீரை என்று படப்பையில் யாரும் வாங்கவில்லை. கிறிஸ்டினாவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"உன் ஆட்டுக்கு வோணும்னா எட்த்துக்க. மொதல்ல நான் ரெண்டு இலை துண்ணு காட்டவா?"

நிஜமாகவே ஒரு தழையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

கிறிஸ்டினா அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நான்தான் கொன்னேன். மண்டபத்துச் சோத்தப் போட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

கிளியம்மாள் வாயிலிருந்ததைத் துப்பினாள். "திட்டுனத கூட உட்ருவேன். ஆறு நாளு பாத்துகினு இருந்தியே." கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற? ரோட்லதான கூவுன? அங்க போயி சொல்லு."

அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தபோது குடத்தோடு நின்ற பெண்களிடம் கிறிஸ்டினா சொன்னாள். முன்னால் நின்ற சரசு அவள் தோளைத் தட்டினாள். "உனக்கு நல்ல மனசுடி. அந்தக் கெயவியக் காப்பாத்த உம்மேலயே பயி போட்டுக்கிறியே!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "இல்லக்கா, நான் போட்ட சோறுதான். நான்தான்!" என்று கத்தினாள். அப்போதுதான் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ "த்தூ" என்றார்கள். லாரி கிளம்பியும் அவள் குடம் காலியாகவே இருந்தது.

விஷயம் பரவியதும் பெருங்களத்தூரில் இரண்டு வீடுகள் பாலை நிறுத்தின. டேனியல் திட்டவில்லை. "எங்கிட்டயாவது சொல்லிர்க்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான். அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து இரண்டு நிலத்துக்கும் நடுவே கம்பிவேலி போட்டார்கள். கிளியம்மாள் பார்த்துவிட்டுக் கீரை பறிக்கக் குனிந்தாள்.

படப்பையில் அவள் கீரை முன்போல் விற்கவே இல்லை. உண்மை போய்ச் சேராத காதுகள் எத்தனையோ. இப்போது பஸ் பிடித்து வண்டலூர் வரை போய் விற்றுவருகிறாள். கிறிஸ்டினாவிடம் எட்டு ஆடுகள் மிச்சம். கறக்கிறாள், தழைக்கு அலைகிறாள், பால் கொண்டுபோகிறாள். வேலிக்கு அந்தப்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டால் மட்டும், முடிக்காத வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுகிறாள்.